மூடா ஆற்றுக்கு மேலே எதை நடுகிறீர்கள்? கெடா, பினாங்கு அரசுகளுக்கு ஒரு திறந்த மடல்

கெடா, பினாங்கு மாநில ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், கூட்டரசில் வனத்தையும் நீரையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

இந்த மடலை மலாயிலும் எழுதி உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்பிவிட்டேன். தமிழில் எழுதிப் பொதுவில் வைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. கூலிம், சுங்கை பட்டாணி, பாலிங், செபராங் பிறை வட்டாரங்களில் காடு போய் ரப்பர் வந்தபோது, அந்த மரங்களை நட்டுப் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் எங்கள் மக்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். குழாயைத் திறந்தால் வருவது கெடாவில் பிறந்து இறங்கும் மூடா ஆற்றுத் தண்ணீர். ஆற்றின் மேல்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் எங்களுக்குச் சொந்தபந்தம் இருக்கிறது. அதனால் இது எங்கள் வீட்டு விஷயம்.

பினாங்கு சுத்திகரிக்கும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. லாஹார் தியாங்கில் எடுத்து, சுங்கை டுவா ஆலையில் சுத்திகரித்து, கடலடிக் குழாய்கள் வழியாகத் தீவுக்கும் அனுப்புகிறார்கள். பினாங்கு மலையைச் சுற்றியுள்ள காட்டுக்கு 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகத் தகுதி கிடைத்தது. மகிழ்ச்சிதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் ஒவ்வொருவரும் அந்தக் காட்டின் குளிர்ச்சியை அனுபவிக்கிறோம். ஆனால் அந்த மலையும் ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளும் மட்டும் பினாங்கின் தாகத்தைத் தீர்த்துவிடாது. நம் தண்ணீரின் தலையெழுத்து கெடாவின் உலு மூடா காட்டிலும், மூடாவின் துணையாறுகள் பிறக்கும் சரிவுகளிலும் இருக்கிறது. அங்கே காட்டை எடுத்துவிட்டு வேறொன்றை நடும்போது ஆற்றுக்கு என்ன ஆகும் என்பதே என் கவலை.

நான் முதன்மையாகக் கேட்பது ஒன்றுதான். மழைநீர் சேர்ந்து ஆற்றுக்கு இறங்கும் நீர்ப்பிடிப்புப் பகுதியில் காட்டுக்குப் பதிலாகத் தோட்டம் போட அனுமதி தருமுன், அந்தப் பயிர் எந்த வயதில், எந்த மாதத்தில், மண்ணிலிருந்து எவ்வளவு நீரை எடுக்கும் என்ற கணக்கை மக்கள் முன்னால் வையுங்கள். ஹெக்டர் கணக்கு வருகிறது, ரிங்கிட் கணக்கு வருகிறது, வேலைவாய்ப்புக் கணக்கு வருகிறது. இந்தக் கணக்கு மட்டும் நான் கேட்ட எந்தப் பேச்சிலும் வருவதில்லை.

காட்டுக்காகப் பேசுகிறவர்கள் வழக்கமாகத் தவிர்க்கும் ஓர் உண்மையிலிருந்து தொடங்குகிறேன். காடு நிறையக் குடிக்கும். நெகிரி செம்பிலானின் பாசோ வனக்காப்பகத்தில் மர உச்சிகளுக்கும் மேலே 52 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் நிற்கிறது. காட்டிலிருந்து எழும் நீராவியை மலேசிய, ஜப்பானிய ஆய்வாளர்கள் அங்கே பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். ஓர் ஆண்டில் மழை 1,450 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கியது. இன்னோர் ஆண்டில் 2,200-ஐத் தாண்டியது. காடு வானத்துக்குத் திருப்பி அனுப்பிய நீரோ எல்லா ஆண்டும் 1,300 மில்லிமீட்டரை ஒட்டியே இருந்தது. மழை குறைந்தாலும் காடு தளரவில்லை. பல ஆழங்களில் வேர்விட்ட பல நூறு வகை மரங்கள் சேர்ந்து நிற்பதால் கிடைக்கும் நிதானம் அது.

அப்படியானால் காட்டை வெட்டினால் ஆற்றில் நீர் கூடத்தானே வேண்டும் என்று உங்கள் பொறியாளர்கள் கேட்பார்கள். கூடும். பகாங்கில் சுங்கை தெக்காம் சோதனைப் படுகையில் காட்டை அகற்றிக் கொக்கோவும் செம்பனையும் (எண்ணெய்ப்பனை) நட்டபோது, ஓடைகளின் ஆண்டு மொத்த நீர் உயர்ந்ததை வடிகால் நீர்ப்பாசனத் துறை 1980-களிலேயே பதிவு செய்திருக்கிறது. அதை மறைத்துவிட்டுக் காட்டுக்காக வாதாடுவது நேர்மையாகாது.

ஆனால் அந்த ஆண்டு மொத்தம் நமக்குப் போதிய விடை இல்லை. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் கூடியிருக்கலாம்; எல்லாம் தீபாவளி மாதத்திலேயே வந்து கொட்டிவிட்டு, தையிலும் மாசியிலும் அடுப்பெரியக் காசில்லை என்றால் அந்தக் குடும்பத்தை வசதியான குடும்பம் என்பீர்களா? வட மாநிலங்களில் சனவரி முதல் மார்ச் வரை மழை ஒதுங்கும் காலம். அந்த வாரங்களில் ஆறு எவ்வளவு ஓடுகிறது என்பதை வைத்துத்தான் பினாங்கின் குழாயும் கெடாவின் வயலும் பிழைக்கின்றன.

மரம் எப்போது எவ்வளவு நீர் எடுக்கிறது என்பது ஆய்வகத்தில் மட்டும் தெரிந்த செய்தியல்ல. பால்வெட்டுக்காரர்கள் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் நிரைக்குள் போனதற்குக் காரணமே அதுதான். இரவெல்லாம் வேர் நீரை இழுத்து மரத்தை நிரப்பியிருக்கும். பால்குழாய்களில் அழுத்தம் அப்போது மிக அதிகம். வெயில் ஏறினால் இலைகள் நீராவியை விடத் தொடங்கும், மரத்தின் உள்ளழுத்தம் இறங்கும், வெட்டுக்காயத்தில் பால் சீக்கிரம் நின்றுவிடும். என் அம்மா பள்ளிக்கூடத்தில் தாவரவியல் படித்தவரல்லர். “வெயில் ஏறிட்டா பால் இறங்காதுய்யா” என்பார். மரத்தின் நீர் நாளொன்றுக்குள் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் கைப்பழக்கத்தில் அறிந்த ஒரு தலைமுறை முழுவதும் இந்த மண்ணில் வேலை செய்தது. அவர்களிடம் யாரும் கேட்டுக் குறித்து வைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் மனக்குறை.

இப்போது அதைக் கருவி வைத்து அளக்கிறார்கள். சுமத்திராவின் ஜாம்பியில் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகமும் இந்தோனேசியப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய ஆய்வுகளைச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் தாழ்நிலக் காடுகளைப் போன்ற காடு இருந்து, ரப்பரும் செம்பனையுமாக மாறிப்போன நிலம் அது. முறை எளிது. மரத்துக்குள் இரண்டு மெல்லிய ஊசிகளைச் செருகுகிறார்கள்; ஒன்றைச் சூடாக்குகிறார்கள். உள்ளே நீர் வேகமாக ஏறினால் சூடு அடித்துச் செல்லப்படும், இரண்டு ஊசிகளுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு குறையும். ரப்பரில் ஊசி அடிமரத்துக்குள் போகிறது. செம்பனையின் தண்டு அப்படிப்பட்டதல்ல. நீர்க்குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஆகவே மட்டைக் காம்பில் ஊசி வைத்து, ஒவ்வொரு மட்டையும் எடுக்கும் நீரைக் கூட்டி, மரத்துக்கும் ஹெக்டருக்கும் கணக்கிடுகிறார்கள்.

அங்கே கண்டது இது. இரண்டு வயதுச் செம்பனை நாளொன்றுக்கு 0.2 மில்லிமீட்டர் அளவே நீராவியாக விட்டது. ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு ஹெக்டரில் 10,000 லிட்டர். ஆகவே ஹெக்டருக்கு 2,000 லிட்டர். ஐந்து வயதுக்குள் அது ஏறத்தாழ எட்டு மடங்கானது. அதற்கு மேற்பட்ட வயதுத் தோட்டங்களில் சராசரி 1.3 மில்லிமீட்டரை ஒட்டி நின்றது. ஆனால் உரம் தாராளமாகப் போட்டு நன்றாகப் பராமரித்த 12 வயதுத் தோட்டம் ஒன்று 2.5 மில்லிமீட்டர் வரை, அதாவது ஹெக்டருக்கு நாளொன்றுக்கு 25,000 லிட்டர், எடுத்தது. வெப்பமண்டலக் காடுகளுக்குச் சளைக்காத அளவு. மண்ணிலிருந்தும் தரைச்செடிகளிலிருந்தும் மட்டைகளில் தங்கும் மழையிலிருந்தும் போவதையும் சேர்த்தால், இரண்டு வயதுத் தோட்டம் நாளுக்கு 2.8 மில்லிமீட்டரும் 12 வயதுத் தோட்டம் 4.7 மில்லிமீட்டரும் இழந்தன.

இதை ஆற்றின் பக்கமிருந்து படித்துப் பாருங்கள். காட்டை வெட்டிய முதல் சில ஆண்டுகளில் நிலம் குறைவாகக் குடிக்கும், ஓடை பெருகும். அப்போது அளந்து “நீருக்குப் பாதிப்பில்லை” என்று எழுதிவிடலாம். ஐந்தாறு ஆண்டுகளில் கன்றுகள் மரமாகித் தண்ணீரை எடுக்கத் தொடங்கும்போது, அதே ஓடையைத் திரும்பி அளக்க யார் வருகிறார்கள்? செம்பனையின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். அந்த 25 ஆண்டுகளுக்கும் கணக்கு இல்லாத மதிப்பீடு அரைகுறை மதிப்பீடுதான்.

ரப்பர் விஷயம் இன்னும் சிக்கலானது. வடக்கே ரப்பர் இலை கொட்டுவது சரியாக வறண்ட மாதங்களில். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: நிரை முழுக்கச் சருகு, மரம் மொட்டை, பால் குறைவு, சம்பளமும் குறைவு. இலை இல்லாத வாரங்களில் மரம் நீரை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் மழை திரும்புமுன்பே தளிர் விடும். அந்தத் தளிருக்கு வேண்டிய நீரை ஆழத்து மண்ணிலிருந்து இழுக்கும். ஜாம்பியில் ரப்பர் தோட்டம் மழைக்காட்டைவிடக் குறைவாகவே நீர் எடுத்தது. சீனாவின் யுன்னான் மாநிலத்துச் சிசுவாங்பன்னாவில், வறண்ட பருவம் நீளமான இடத்தில், பக்கத்துக் காட்டைவிட ரப்பர் அதிகமாக எடுத்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே மரம், இடம் மாறியதும் விடை தலைகீழாகிவிட்டது. கெடா இவ்விரண்டில் எதைப் போன்றது? ஆண்டு முழுதும் மழை பெய்யும் ஜாம்பியைவிட, தெளிவான வறண்ட பருவம் உள்ள வடபுலத்தின் சாயல் கெடாவுக்கு உண்டு. ஆகவே வேறிடத்து எண்ணை எடுத்து உலு மூடாவுக்குப் பொருத்திவிட முடியாது. இங்கேயே அளக்க வேண்டும். என் மடலின் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது.

மரம் குடிப்பது பாதிக்கதை. மண் குடிப்பது மறுபாதி. ஜாம்பியில் செம்பனை வந்தபின் கிணறு வற்றுகிறது என்று கிராமத்தார் சொன்னார்கள். ஆய்வாளர்கள் அதைப் பாமரர் பேச்சென்று ஒதுக்காமல் தேடிப் பார்த்தார்கள். பனையின் நீர்த்தேவை ஒரு காரணமாக இருந்தது. இறுகிப்போன மண் இன்னொரு காரணமாக இருந்தது. காட்டுத்தரையில் சருகு மெத்தை, மக்கிய வேர் விட்டுச்சென்ற துளைகள், புழு பூச்சி குடைந்த வழிகள் எல்லாம் மழையை உள்ளே விடும். அப்படி இறங்கிய நீர் மெல்ல ஊறி, மழை நின்ற பிறகும் ஓடையில் வந்துகொண்டிருக்கும். தோட்டத்தில் குலை ஏற்றும் வண்டித்தடம், ஆள் நடந்து நடந்து கெட்டியான பாதை, இயந்திரம் வெட்டிய படிக்கட்டுச் சரிவு. மழை உள்ளே இறங்காமல் மேலே வழிந்து, மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடுகிறது. வெள்ளக் காலத்தில் ஆறு பொங்குவதும் வெயில் காலத்தில் மணல்மேடு தெரிவதும் ஒரே காரணத்தால் நடக்கலாம்.

அணைகள் இருக்கின்றனவே என்று சொல்லலாம். மூடா, பெடு, பெரிஸ் அணைகளை நான் குறைத்து மதிக்கவில்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டர் மூடா நெல்வயல் இரண்டு போகம் விளைவது மூடா, பெடு அணைகளின் புண்ணியத்தால். ஆனால் கெத்தில், செடிம் போன்ற துணையாறுகள் மூடா அணைக்குக் கீழேதான் ஆற்றில் சேர்கின்றன. அவற்றின் நீரை அந்த அணை பிடித்துவைப்பதில்லை. அந்தச் சரிவுகளில் நடப்பது நேரே லாஹார் தியாங்குக்கு வந்துவிடும். அணைக்குப் பின்னாலும் மண் வந்து படிந்தால், அணையின் வயிறு ஆண்டுதோறும் சுருங்கும்.

2022 சூலை 4-ஆம் நாள் பாலிங் வட்டாரத்துக் குப்பாங்கில் நடந்ததை இன்னும் யாரும் மறந்திருக்க முடியாது. மலையிலிருந்து சேறும் மரக்கட்டைகளுமாக இறங்கிய வெள்ளத்தில் மூன்று உயிர்கள் போயின. குனோங் ஈனாஸ் சரிவில் காட்டை எடுத்துப் போட்ட டுரியான் தோட்டத்தைப் பற்றிக் கேள்விகள் எழுந்தன. பெருமழையே காரணம் என்றும் சொல்லப்பட்டது. அந்த வழக்கைத் தீர்க்க நான் இங்கே வரவில்லை. அந்த நீர் கெத்தில் வழியாக மூடாவுக்கு வருகிறது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். வெள்ளம் வந்தால் எல்லாரும் மலையைத் திரும்பிப் பார்க்கிறோம். வறட்சி வந்தால் வானத்தைப் பார்க்கிறோம். அப்போதும் மலையைப் பார்க்க வேண்டும்.

வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலை நீராவியை விடும்போது சுற்றுப்புறம் குளிர்கிறது. ஜாம்பியில் செயற்கைக்கோள் வழி அளந்தபோது, வெட்டவெளியாக்கிய நிலம் காட்டைவிட ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வரை சூடாக இருந்தது. இளஞ்செம்பனைத் தோட்டம் ஏறத்தாழ 6 பாகை. முதிர்ந்த தோட்டத்தில் வேறுபாடு ஒரு பாகைக்கும் கீழே வந்துவிட்டது.

இனி, சட்டத்தில் இருக்கும் ஓட்டையைப் பற்றி. 2022-இல் திருத்தப்பட்ட தேசிய வனச் சட்டம், ஒரு காட்டின் வனக்காப்பகத் தகுதியை நீக்குமுன் பொது விசாரணை வேண்டும் என்கிறது. சிலாங்கூர் அதற்கு முன்பே அப்படி ஒரு விதியை வைத்திருந்தது. கோலலங்காட் வடக்கு வனக்காப்பகத்தின் ஒரு பகுதி நீக்கப்பட்டு, மக்களின் எதிர்ப்புக்குப் பின் 2021-இல் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது நாம் கண்ட நல்ல செய்தி. ஆனால் காப்பகத்துக்குள்ளேயே இயற்கைக் காட்டை வெட்டி, பாலும் பலகையும் தரும் ரப்பர் ரகங்களை வரிசையாக நட்டால், ஆவணத்தில் அது காப்பகமாகவே இருக்கும். நீக்கம் இல்லை, ஆகவே பொது விசாரணையும் இல்லை. உலக உணவு வேளாண் அமைப்பின் கணக்கிலும் ரப்பர் தோட்டம் வனம் என்ற பட்டியலில்தான் வருகிறது, செம்பனை வருவதில்லை. காடு இத்தனை விழுக்காடு இருக்கிறது என்று பாதி நிலமாவது காடாகவே இருக்கும் என 1992 ரியோ மாநாட்டில் தந்த வாக்குறுதியை முன்வைத்து நாம் பெருமை பேசும்போது, அதில் எத்தனை ஹெக்டர் ஒரே வயதுடைய ஒரே வகை மரங்கள் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஆற்றுக்கு அந்த வேறுபாடு தெரியும்.

கெடாவின் பக்கத்து நியாயத்தையும் பேசாமல் இந்த மடல் நிறைவடையாது. நிலமும் வனமும் நீரும் மாநில அதிகாரம் என்கிறது அரசமைப்பு. காட்டை அப்படியே வைத்திருந்தால் மாநிலக் கருவூலத்துக்கு வருமானம் குறைவு. வெட்டினால் பணம் உடனே வரும். தண்ணீரைக் குடித்து, தொழிற்சாலை நடத்தி, வளர்ந்தது பினாங்கு. மூல நீருக்குக் கட்டணம் வேண்டும் என்று கெடா கேட்கிறது. ஆற்றின் தென்கரை எங்களுடையது, அதற்குக் கட்டணம் இல்லை என்று பினாங்கு மறுக்கிறது. ஆண்டுக்கணக்கில் இந்த வழக்காடல் நடக்கிறது. பினாங்குக்காரனாகவே சொல்கிறேன்: கெடா மக்கள் தங்கள் வருமானத்தை விட்டுக்கொடுத்து நமக்காகக் காட்டைக் காக்க வேண்டும் என்று சும்மா எதிர்பார்ப்பது அழகல்ல. நாட்டிலேயே ஆளுக்கு அதிகமாகத் தண்ணீர் செலவழிக்கும் மாநிலங்களில் நாம் முன்வரிசையில் இருக்கிறோம். ஓடும் தண்ணீருக்கு விலை பேசுவதைவிட, நிற்கும் காட்டுக்குப் பணம் கொடுப்பது பொருத்தமானது. வனம் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு 2019 முதல் நிதி ஒதுக்கி வருகிறது. அதன் மேல் பினாங்கு தன் பங்கைப் போடட்டும். அந்தப் பணம் உலு மூடாவில் வெட்டப்படாமல் நிற்கும் இயற்கைக் காட்டின் பரப்பையும், வறண்ட மாதங்களில் அளந்த ஆற்றோட்டத்தையும் வைத்துக் கணக்கிடப்படட்டும்.

பினாங்கிடம் நான் வேண்டுவது அந்தப் பணம். கெடாவிடம் வேண்டுவது, மூடா நீர்ப்பிடிப்புக்குள் இயற்கைக் காட்டைத் தோட்டமாக்கும் எந்த விண்ணப்பத்தையும், காப்பகத்துக்குள் என்றாலும் வெளியே என்றாலும், பொது விசாரணைக்குக் கொண்டுவரும் ஒரு முடிவு. ஏற்கெனவே உள்ள தோட்டங்களை அழிக்கச் சொல்லவில்லை. அவற்றை நம்பிச் சிறுதோட்டக்காரர்கள் எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள். மறுநடவு செய்யும்போது ஓடைக்கரையோரம் ஓர் அகலமான பட்டையைக் காட்டு மரங்களுக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். செங்குத்துச் சரிவில் மறுநடவே வேண்டாம்.

கூட்டரசிடம் வேண்டுவது அளவைக் கருவிகள். பாசோவில் நம் வன ஆய்வுக் கழகத்துக்குப் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது, பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆட்களுக்குப் பஞ்சமில்லை. உலு மூடாவின் இயற்கைக் காட்டில் ஒரு கோபுரம், அதே ஆற்றுப்படுகையில் ரப்பர் தோட்டம் ஒன்றிலும் செம்பனைத் தோட்டம் ஒன்றிலும் மர நீரோட்டக் கருவிகள், ஒவ்வொன்றின் ஓடையிலும் நீர்மானி. எண்களை மாதந்தோறும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள், மலாய், தமிழ், சீனம் மூன்றிலும். அந்தத் தோட்டங்களில் முன்பு பால் வெட்டியவர்களில் உயிரோடு இருப்பவர்களிடமும் போய்க் கேளுங்கள்: எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றும், எந்த ஆண்டிலிருந்து அப்படி ஆனது என்று அவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது, ஆகவே அந்த வேலை முதலில் நடக்க வேண்டும்.

அடுத்த சனவரிக்குள், மழை ஒதுங்குமுன், கோபுரத்துக்கான இடத்தைக் குறித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு முழு வறண்ட பருவத்தின் கணக்கு கையில் வரும்வரை மூடா நீர்ப்பிடிப்பில் புதிய தோட்ட அனுமதி எதற்கும் கையொப்பமிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு.